வானொலியில் நான் விழுங்கிய நான்கு வாக்கியங்கள்

1

மெல்பேர்னில் சனிக்கிழமை நான்கு மணிக்கு நான் ஒலிவாங்கியின் முன் உட்காருவேன். ஆறு மணி வரை உலகத்தின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து வந்த பாட்டும் இசையும். எங்கள் வட்டாரத்துச் சின்ன வானொலி அது. சம்பளம் கிடையாது, எல்லோரும் தொண்டர்கள். வாரநாளில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை மட்டும் நான் ‘ராணி’. முழுப்பெயர் புஷ்பராணி என்பதை நிலையத்தில் பலரும் அறியமாட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியில் இசைத்தட்டு போடுவதைவிட எனக்குப் பிடித்தது கலைஞர்களை நேரே கூட்டிவந்து வாசிக்க வைப்பதுதான். தரைவிரிப்பு போட்ட சின்ன அறை, நான்கு ஒலிவாங்கிகள். மாலியிலிருந்து வந்த ஒருவர் சுரைக்குடுக்கையில் கட்டிய நரம்புக் கருவியோடு வந்திருக்கிறார். சிலியிலிருந்து வந்த இரண்டு சகோதரிகள், கிரேக்கக் கிழவர் ஒருவர், பர்மாவின் மலைப்பக்கத்து அகதிகள் என்று எத்தனையோ பேர். எல்லோரிடமும் நான் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். “இதை யாரிடம் கற்றீர்கள்? உங்கள் ஊரில் இதை யார், எப்போது வாசிப்பார்கள்?” பதில் சொல்லும்போது அவர்கள் முகம் மாறும். அந்த மாற்றம் குரலிலும் கேட்கும். அதற்காகத்தான் பத்து வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

பத்தாவது ஆண்டு நிறைவுக்கு என்ன செய்யலாம் என்று நிலைய மேலாளர் மார்கரெட் கேட்டாள். நான் ஏதேதோ பெயர்களைச் சொன்னேன். அவள் குறிப்பேட்டை மூடிவிட்டு, “ராணி, பத்து வருடத்தில் ஒருமுறைகூட நீ உன் ஊர் இசையைப் போட்டதில்லை, தெரியுமா?” என்றாள்.

தெரியும். அது தற்செயலாக நடந்ததல்ல.

2

இலங்கையின் மலையகத்தில், மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறினால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் பிறந்தவள் நான். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தார். ஆனால் தோட்டத்தில் அவரைத் தெரிந்தது தப்புக்காரராகத்தான், தப்பு என்னும் பறையை அடிப்பவராக. காமன் கூத்து, கோவில் திருவிழா, தேர்தலில் ஜெயித்தவரின் ஊர்வலம், செத்த வீடு என்று எதுவானாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். தோளில் வாரைப் போட்டு, தோல் கட்டிய அந்த வட்டப் பறையை நெருப்பில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கத் தொடங்குவார். நன்றாக அடிப்பார் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் செத்த வீட்டில் அவருக்குத் தேத்தண்ணி தனிக் கோப்பையில்தான் வரும்.

பாடசாலையில் நான் வகுப்புக்குள் நுழையும்போது பின்வரிசைப் பிள்ளைகள் மேசையில் விரலால் தாளம் போடுவார்கள். ஆசிரியர் திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவார்கள். நான் படித்ததற்கு அந்தத் தாளமும் ஒரு காரணம். அது கேட்காத இடத்துக்குப் போக வேண்டும் என்றே படித்தேன். ஹட்டனில் உயர்தரப் படிப்பு, கொழும்பில் வேலை, பிறகு கல்யாணம், பிறகு இந்த நாடு.

என் கணவர் யாழ்ப்பாணத்தவர். அவருக்கு எல்லாம் தெரியும். கல்யாணத்துக்கு முன்னமே சொல்லிவிட்டேன். “அதுக்கென்ன?” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ஆனால் இங்கே வந்த முதல் வருடம், அவருடைய சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாளில் ஒரு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பிள்ளை ஊரில எவடம்?”

“மஸ்கெலியாப் பக்கம்.”

“தோட்டமோ? அப்பா என்ன செய்தவர்?”

“ஸ்டாஃப்,” என்றேன்.

தோட்டத்தில் ஸ்டாஃப் என்றால் கிளாக்கர், தொழிற்சாலை உத்தியோகத்தர், தனி வீட்டில் இருக்கிறவர்கள். நாங்கள் லயத்தில் இருந்தோம், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில். ஒரு சொல்தான் சொன்னேன். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றப் பிறகு எத்தனையோ சொற்களைச் சொல்ல வேண்டியிருந்தது. கணவர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் மறுக்கவில்லை. அது எனக்கு அன்றைக்கு ஆறுதலாக இருந்தது.

3

மார்கரெட்டிடம் தம்பியைப் பற்றிச் சொன்னேன். எனக்கு ஐந்து வயது இளையவன், சிவலிங்கம். அப்பா வேலை செய்த அதே தொழிற்சாலையில்தான் அவனும். பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துத் தப்புக் குழு ஒன்று வைத்திருக்கிறான். கண்டி, கொழும்பு என்று மேடைகளுக்கெல்லாம் போகிறார்கள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வந்து படம் எடுக்கிறார்கள். நான் மறைத்ததை அவன் பெயர்ப்பலகையில் எழுதி மாட்டியிருக்கிறான்.

மார்கரெட் எழுந்தே நின்றுவிட்டாள். “அவனைக் கூப்பிடு. அழைப்புக் கடிதம் நான் தருகிறேன்.”

தொலைபேசியில் சிவாவிடம் சொன்னேன்.

“நெசமாத்தான் சொல்றீங்களாக்கா? தப்பு அடிக்கவா கூப்பிடுறீங்க?”

“ஆமா. ரேடியோவுல.”

“ஒங்க ரேடியோவுலயா?”

அவன் எதைக் கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. நான் விசா விண்ணப்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

இரண்டு மாதம் அந்த விண்ணப்பத்தோடு போனது. வீட்டு இலக்கம், தெருப்பெயர், தபால் குறியீடு என்று படிவம் கேட்டது. லயத்துக்குத் தெருவும் இல்லை, இலக்கமும் இல்லை. இன்றைக்கும் எங்கள் தபால் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அங்கிருந்துதான் கைக்கு வரும். ‘மேல் டிவிஷன்’ என்று எழுதினேன். செல்லுபடியாகாத முகவரி என்று கணினி சிவப்பில் காட்டியது. கிராம சேவகர் சிங்களத்தில் கடிதம் கொடுத்தார். அதை ஹட்டனில் மொழிபெயர்த்தபோது தம்பியின் பெயர் ஓரெழுத்து மாறியது. கடவுச்சீட்டில் ஒரு சிவலிங்கம், அடையாள அட்டையில் இன்னொரு சிவலிங்கம், மொழிபெயர்ப்பில் மூன்றாவது ஆள். தொழில் என்ன என்று தோட்டத்து ஆபீசில் கேட்டதற்கு ‘தொழிலாளி’ என்று எழுதிக் கொடுத்தார்கள். இசைக்கலைஞர் என்று எழுதித் தர முடியுமா என்று இவன் கேட்டிருக்கிறான். கிளாக்கர் சிரித்திருக்கிறார்.

மறுப்புக் கடிதம் ஒரு பக்கம்தான். திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய காரணம் இல்லையாம்.

அதைப் படித்துக் காட்டினேன். “அம்பது வருசமா எங்கயும் போவாம இங்கனயே கெடக்குறோம்,” என்றான் சிவா. “திரும்பி வர மாட்டோம்னு எப்பிடிக்கா கண்டுபிடிச்சாங்க?” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

4

மார்கரெட் விடவில்லை. இணையம் வழியாகவே செய்யலாம் என்றாள். மஸ்கெலியா டவுனில் சிவாவின் நண்பர் ஒருவருக்கு டியூஷன் வகுப்பு நடத்தும் அறை இருந்தது. அங்கே நல்ல இணைப்பும் இருந்தது. எங்களுக்குச் சனிக்கிழமை நான்கு மணி என்றால் அவர்களுக்குப் பகல் பதினொன்றரை. நான்கு பேர் வருவதாக ஏற்பாடு.

அதற்கு முந்திய நாள் ஒலிச் சோதனை. சிவாவின் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது. “அடிக்கவாக்கா?” என்றான். “அடி” என்றேன். திரையில் குச்சிகள் ஏறி இறங்கின, கைகள் பறந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. தொலைவில் யாரோ துணி உதறுவதுபோல் ஒன்று கேட்டு, அதுவும் அடங்கியது.

“நிறுத்து, நிறுத்து. ஒண்ணுமே கேக்கல.”

“இங்க காது கிழியுதுக்கா! பக்கத்துக் கடைக்காரன் வந்து பாத்துட்டுப் போறான்!”

எங்கள் ஒலிப்பதிவாளர் டேவிட் சிறிது நேரம் தேடிவிட்டுக் கண்டுபிடித்தான். பேச்சுக்கு இடைஞ்சலான இரைச்சலை அந்தச் செயலி தானாகவே நீக்கிவிடுமாம். தப்பை அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ஓர் இடத்தில் அழுத்தி அதை நிறுத்தினான். அடுத்த நொடி அந்தச் சத்தம் ஹெட்போனுக்குள் வந்து விழுந்தது. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். டேவிட் பயந்துபோய், “அதிகமா? குறைக்கவா?” என்று கேட்டான். வேண்டாம் என்று கையசைத்தேன்.

அன்று மாலை மகள் அனு, தானும் நிலையத்துக்கு வருவதாகச் சொன்னாள். எனக்கு ஆச்சரியம். பதினேழு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். தமிழ்ப் பள்ளியைப் பாதியில் விட்டவள். என்ன கருவி என்று கேட்டாள். தப்பு என்றேன். “தப்பு என்றால் பிழை இல்லையா?” என்றாள். அதுவும்தான், இதுவும்தான் என்றேன். அவளுக்கு இவ்வளவுதான் தமிழ் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

5

நிகழ்ச்சி நன்றாகத்தான் தொடங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மார்கரெட், டேவிட், அனு. கேக் ஒன்றும் இருந்தது. திரையில் சிவா, மூன்று நண்பர்கள், பின்னால் கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட கணக்கு. நான்கு பேரும் புதுச் சட்டை போட்டிருந்தார்கள்.

நேயர்களுக்கு ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தேன். இவர் என் தம்பி என்றும் சொன்னேன். பிறகு வழக்கமான கேள்வியைத் தமிழில் கேட்டேன். அவன் தமிழில் பதில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு.

“இத யாருகிட்ட கத்துக்கிட்ட? நம்ம ஊருல யாரு, எப்ப அடிப்பாங்க?”

சிவா ஒலிவாங்கியை நெருங்கி உட்கார்ந்தான்.

“எங்க அப்பாகிட்ட கத்துக்கிட்டேன். தோட்டத்துல யாரு செத்தாலும் அவருதான் முன்னுக்கு நின்னு அடிப்பாரு. ஆனா அவரு செத்தன்னைக்கு நாங்க யாருமே அடிக்கல. அக்காதான் போன்ல வேணாம்னு சொன்னாங்க, வீடியோவுல ஆளுங்க பாப்பாங்கன்னு. அது எனக்கு இன்னமும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. இன்னைக்கு அவர நெனச்சுத்தான் அடிக்கப் போறோம்.”

குரலில் கோபம் இல்லை. நான் கேட்டேன், அவன் சொன்னான்.

நடந்தது அதுதான். எட்டு வருடத்துக்கு முன் அப்பா இறந்தபோது அனுவுக்குக் காய்ச்சல், எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று பல காரணங்கள். நான் போகவில்லை. இறுதிச் சடங்கை நேரலையில் பார்க்க ஏற்பாடு செய்தோம். அந்த இணைப்பைக் கணவர் வீட்டாரும் கேட்டார்கள். மரியாதைக்குக் கேட்டார்கள், மறுக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் நான் சிவாவை அழைத்தேன். “தப்பெல்லாம் வேணாம்டா, வீடியோவுல ஆளுங்க பாப்பாங்க. சத்தமில்லாம எடுங்க,” என்றேன். “அக்கா, அப்பாவுக்கா?” என்று அவன் கேட்டான். “சொன்னதச் செய்,” என்றேன். பிரேதம் எடுக்கும்போது மழை பெய்த சத்தம் மட்டும்தான் கேட்டது. குழிவரை யாரும் எதுவும் அடிக்கவில்லை. ஸ்டாஃப் ஒருவரின் மரணம்போல இருந்தது.

ஒலிபரப்பில் மௌனம் நீண்டால் டேவிட் கையைச் சுழற்றுவான். சுழற்றினான். நான் வாயைத் திறந்தேன்.

“எங்கள் அப்பாவிடம்தான் கற்றதாகச் சொல்கிறார். அப்பா இப்போது இல்லை. இன்று அவரை நினைத்து வாசிக்கப் போகிறார்கள்,” என்றேன் ஆங்கிலத்தில்.

முதலையும் கடைசியையும் சொல்லிவிட்டேன். நடுவில் இருந்த நான்கு வாக்கியங்களை விழுங்கிவிட்டேன். பத்து வருடத்தில் வேறு எந்தக் கலைஞரின் சொல்லிலும் நான் கை வைத்ததில்லை.

பிறகு அவர்கள் அடித்தார்கள். எப்படி அடித்தார்கள் என்று எழுத என்னால் முடியவில்லை. ஏனென்றால் நான் சரியாகக் கேட்கவில்லை. மார்கரெட் கண்ணைத் துடைத்தாள். தொலைபேசிகள் ஒலித்தன. நேயர்கள் பாராட்டினார்கள். ஒருவர் ‘தந்தைக்கு மகன் செய்த அழகான அஞ்சலி’ என்றாராம்.

6

திரும்பி வரும்போது அனு காரில் என் பக்கத்தில் இருந்தாள். போக்குவரத்து விளக்கில் நின்றபோது தமிழில் சொன்னாள். அவள் அப்பாவின் தமிழில்.

“அம்மா, மாமா அப்பிடிச் சொல்லேல்லையே.”

“எவ்வளவு புரிஞ்சுச்சு?”

“முழுக்க.”

பின்னால் இருந்த கார்க்காரர் ஒலியெழுப்பினார். விளக்கு பச்சையாகி எவ்வளவு நேரமாயிற்றோ.

மீதியை ஆங்கிலத்தில் கேட்டாள். தாத்தா எதை அடித்தார்? ஏன் எனக்குச் சொல்லவில்லை? அவர் ஆபீசில் வேலை செய்தார் என்று நான் பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு எழுதினேனே, அது பொய்யா? ஆம் என்றேன். “நான் அதற்குப் பரிசு வாங்கினேன் அம்மா,” என்றாள். திட்டவில்லை. முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தாள். பிள்ளை தமிழை விட்டு விலகிப் போகிறாள் என்று எத்தனையோ பேரிடம் நான் குறைப்பட்டிருக்கிறேன். இத்தனை நாளும் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அன்றிரவே கணவரின் மூத்த அக்காவிடமிருந்து செய்தி வந்தது. நிகழ்ச்சியைக் கேட்டாராம். ‘உங்கட தம்பி நல்லா அடிக்கிறார்’ என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் எங்களைத் தொலைபேசியில் அழைக்கவில்லை. கோபமா, வேலையா, வேறு ஏதாவதா, தெரியாது. கணவரிடம் காட்டினேன். “விடு,” என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, “அண்டைக்குப் பிறந்தநாள் வீட்டில நானும் பேசாம இருந்திட்டன்தானே,” என்றார். இருபது வருடத்தில் அவர் அதைப் பற்றிச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

7

அடுத்த சனிக்கிழமைக்கு முன் மார்கரெட்டிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பதிவை இணையத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டாள். அதுதான் எளிது. ஆனால் எடுத்தால் சிவா பேசியதும் போய்விடும், அடித்ததும் போய்விடும். இரண்டாவது முறையும் நானே அதை நிறுத்தியதாக இருக்கும். வேண்டாம் என்றேன்.

நான்கு மணிக்கு உட்கார்ந்தேன். போன வாரம் ஒரு கலைஞரின் சொற்களை நான் குறைத்து மொழிபெயர்த்தேன், அதை இப்போது திருத்துகிறேன் என்று சொல்லிவிட்டு, சிவாவின் பதிலை மறுபடி ஓடவிட்டேன். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். ‘அக்காதான் வேணாம்னு சொன்னாங்க’ என்ற இடத்தில், “அந்த அக்கா நான்” என்றேன். அப்பா ஸ்டாஃப் இல்லை, தப்பு அடித்தவர் என்று தமிழிலும் சொன்னேன். கேட்க வேண்டியவர்கள் கேட்டிருப்பார்கள். பிறகு அவர்கள் அடித்ததை முழுவதும் போட்டேன். இந்த முறை கேட்டேன்.

யாரும் தொலைபேசியில் அழைக்கவில்லை. டேவிட் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் சிவாவை அழைத்துச் சொன்னேன். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். இல்லை.

“எதுக்குக்கா அதப் போயி ரேடியோவுல சொன்னீங்க? நா ஒங்கள அசிங்கப்படுத்தணும்னு சொல்லல. கேட்டீங்க, வாயில வந்துருச்சு.”

“தெரியும்டா. நாந்தான் சொல்லணும்னு நெனச்சேன்.”

அவன் பக்கம் குக்கர் விசிலடித்தது.

“சிவா, ஆடியில அப்பா செத்த நாள் வருதுல்ல? நா வாறேன். அன்னைக்குக் குழி மேட்டுல எல்லாரையும் கூட்டி, நல்லா பெருசா அடிச்சிருவோம். செலவு நா பாத்துக்கிறேன்.”

“அது ஏலாதுக்கா.”

“ஏன்?”

“செத்தவங்களுக்கு அடிக்கிறது அன்னைக்குத்தான். வீட்டுலேருந்து குழிவரைக்கும் கூட்டிட்டுப் போறதுக்கு அடிக்கிறது. அவருதான் போயிட்டாரே. இப்ப போயி எங்க கூட்டிட்டுப் போவ?”

அவன் எனக்காகக் குரலைத் தாழ்த்தினான்.

“நீங்க வாங்க. வந்து எத்தன வருசமாச்சு? புள்ளையையும் கூட்டிட்டு வாங்க. ஆனா வந்தா சும்மா வாங்கக்கா. ஏதாச்சும் செஞ்சு சரிபண்ணிட்டுப் போவலாம்னு வராதீங்க.”

சரி என்றேன். அனுவுக்கு ஆடி மாதத்தில் விடுமுறை இருக்கிறது. அவள் கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்திருக்கிறாள், தினமும் கேட்கிறாள். விமானச் சீட்டுப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடுகிறேன். சும்மா போவது எப்படி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.